புத்தன் அணையும் டெம்ப்2-வும்

2012-ல் ஒரு சாயங்காலம் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பெயர் 'வேலிடேட் அக்கவுண்ட்'. ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அது சரியான எண்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தது ஒரே வரி: 'ரிட்டர்ன் ட்ரூ'. அதாவது எதைக் கொடுத்தாலும் "சரி" என்று சொல்லும். மறுநாள் காலையில் டெமோ. சரிபார்க்கும் விதிகள் வாடிக்கையாளரிடமிருந்து வந்து சேரவில்லை. வந்ததும் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். விதிகள் வந்தன. நான் எழுதவில்லை.

ஒன்பது வருசம் கழித்து, வேறொரு டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்த ஃபங்ஷனைப் பார்த்தான். பெயரைப் படித்தான், நம்பினான், பணம் திருப்பி அனுப்பும் இடத்தில் எடுத்துப் போட்டான். பதினேழு பேருடைய பணம் தப்பான கணக்குகளுக்குப் போனது. எல்லாம் மீட்டாகிவிட்டது, ஆனால் ஆறு வாரம் ஆனது. மீட்டிங்கில் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள்: "உள்ளே திறந்து பாத்திருக்க வேண்டாமா?" நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதை எழுதியது யார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மத்தியானம் 'கிட் பிளேம்' போட்டுப் பார்த்தேன். என் பெயர் வந்தது.

தெரியாதவர்களுக்கு: ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை அது. 'பிளேம்' என்றால் பழி. கிட்டுக்கு முன்னால் பலரும் பயன்படுத்திய சப்வெர்ஷனில் இதே கட்டளையை 'பிரைஸ்', அதாவது பாராட்டு, என்றும் அடிக்கலாம். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். அன்றைக்கு எனக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதில் சந்தேகமே இல்லை. சாயங்காலமே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. கிட் வரலாற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தப் பையனிடம் கேட்ட கேள்வியே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. லட்சக்கணக்கான வரிகள் இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து யாரும் வேலை செய்ய முடியாது. திறக்காமலே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பெயரே வைக்கிறோம். எங்கள் வீட்டுச் சமையலறையில் போர்ன்விட்டா டின்னில் மிளகாய்ப்பொடி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த மருமகளுக்குத் தெரியாது. கண்ணெரிச்சலோடு நின்றவளிடம் "திறந்து மோந்து பாக்கக் கூடாதா மக்களே?" என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அதற்குப் பிறகு நிரலில் உள்ள பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். வேடிக்கையான பெயர்கள், வெட்கமில்லாத பெயர்கள், உண்மையைச் சொல்லும் பெயர்கள். அந்த நோட்டிலிருந்து சில.

புதியது என்ற பெயர்

முதல் பதிவு நிரலே இல்லை. எங்கள் நாஞ்சில் நாட்டுத் தண்ணீர்.

பூதப்பாண்டிப் பக்கம் ஓடுவது பழையாறு. மேற்கே பாண்டியன் அணை என்று ஒரு பழைய அணை. அதற்குச் சற்று மேலே, பதினெட்டாம் நூற்றாண்டில், மார்த்தாண்டவர்மா காலத்தில் இன்னொரு அணை கட்டினார்கள். அது புத்தன் அணை. அதிலிருந்து வருவது பத்மநாபபுரம் புத்தனாறு. புத்தருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; எங்கள் பக்கத்துப் பேச்சில் இருக்கும் மலையாள வாடையில் 'புத்தன்' என்றால் புதுசு. 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தார்கள். ஆக, பேச்சிப்பாறையை விட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது இன்னும் 'புதிய' அணை. பாரிஸிலும் இதே கதைதான். சீன் நதி மேல் இன்று நிற்கிற பாலங்களில் ரொம்பப் பழையதன் பெயர் 'புதிய பாலம்', 1607-ல் முடித்தது.

சின்ன வயதில் பாட்டாவிடம் கேட்டேன், "புத்தன் அணை எப்பம் பாட்டா பழசாகும்?" "இன்னொண்ணு கெட்டினாத்தான் டே," என்றார். அவர் சொன்னதும் நடக்கவில்லை. இன்னொன்று கட்டினார்கள், பெயர் மாறவில்லை.

இந்தப் பெயரை வைத்தவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மை. ஆனால் அது அணையைப் பற்றிய உண்மை இல்லை, வைத்தவர் நின்ற நாளைப் பற்றிய உண்மை. நம் கோட்டில் இருக்கும் நியூ, ஓல்ட், ஃபைனல், டெம்ப், டெம்ப்2 எல்லாம் இதே வம்சம். 'ரிப்போர்ட்_நியூ' என்ற கோப்பைத் திறக்கும் எவருக்கும் முதல் கேள்வி, "எதைவிட நியூ?" என்பது. தோவாளைக் கால்வாய் என்ற பெயருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தண்ணி எங்கே போகிறது என்று அது சொல்லிவிடுகிறது. எத்தனை வருசம் ஆனாலும் தோவாளை இடம் மாறப்போவதில்லை.

நிலாவுக்குப் போன தற்காலிகம்

1969-ல் அப்போலோ 11 சந்திரனில் இறங்கிய வாகனத்தின் கணினி நிரல் இப்போது இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. அதில் எஞ்சினைப் பற்றவைக்கும் பகுதிக்குப் பெயர் 'பர்ன் பேபி பர்ன்'. விசைப்பலகையையும் விளக்குகளையும் கவனிக்கும் பகுதிக்குப் பெயர் 'பின்பால் கேம்'. படித்த எல்லோரும் ரசித்துப் பகிர்ந்த பெயர்கள் இவை.

ஆனால் 'பர்ன் பேபி பர்ன்' இன்று எனக்குப் புரிய ஓர் அடிக்குறிப்பு வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி அறிவிப்பாளர் மேக்னிஃபிசென்ட் மான்டேக் பாட்டு நன்றாக இருந்தால் கத்தும் வாசகம் அது. 1965-ல் அதே ஊரில் வாட்ஸ் பகுதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்தபோது தெருவில் கேட்ட கூச்சலாகவும் ஆனது. அந்தக் காலத்து அமெரிக்கருக்கு உடனே புரிந்திருக்கும். எனக்கு அது எரியும் எஞ்சின் பற்றிய ஒரு தமாஷ், அவ்வளவுதான்.

அதே நிரலில் யாரும் பெயராகக்கூட வைக்காத ஒரு குறிப்பு உண்டு. இறங்கும் பகுதிக் கணக்கில் ஓரிடத்தில், வரிக்குப் பக்கத்தில், இது தற்காலிகம் என்றும் அப்படித்தான் இருக்கும் என நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரி தற்காலிகமாக இருக்கவில்லை. அப்படியே நிலாவுக்குப் போனது. ஆனால் அடுத்து வருகிறவர் அந்த இடத்தில் எச்சரிக்கையாகக் கால் வைப்பார். இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம். பூதப்பாண்டியில் உட்கார்ந்து படிக்கும் எனக்கும், எழுதியவரின் தயக்கம் முழுசாகக் கேட்கிறது.

என் நோட்டில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. ஒன்று எழுதியவரின் சாமர்த்தியத்தைச் சொல்கிறது. மற்றொன்று, அவருக்கு எது உறுதியில்லை என்பதைச் சொல்கிறது. முதலாவதில் சிரிப்பு ஒரு தலைமுறைக்கு. இரண்டாவது வேலை செய்துகொண்டே இருக்கிறது.

வேலை போயிரும்

ஃபேஸ்புக்கில் பிறந்த ரியாக்ட் நூலகத்தில் இரண்டு புகழ்பெற்ற பெயர்கள் உண்டு. ஒன்று 'டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்டிஎம்எல்'. சரிபார்க்காத உரையை அப்படியே பக்கத்துக்குள் கொட்டும் வசதி. யாராவது அதில் கெட்ட ஸ்கிரிப்டைச் செருகிவிடலாம். அதனால் பெயரிலேயே 'ஆபத்தாக' என்று வைத்துவிட்டார்கள். எழுதும்போதே கை ஒரு நிமிசம் நிற்கும். நான் பார்த்த கோட் ரிவ்யூக்களில் இந்தப் பெயரைக் கண்டதும் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. பெயர் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இரண்டாவது, உள்ளுறுப்புகளை வைத்திருந்த ஒரு பொருள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால்: ரகசிய உள்விவகாரம், தொடாதே, தொட்டால் உனக்கு வேலை போயிரும். இதைச் சொல்லிச் சிரிக்காத புரோகிராமர் இல்லை. தொடாத புரோகிராமர்களும் இல்லை. வெளியே பல நூலகங்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின. ஏன்? அந்த மிரட்டல் ஃபேஸ்புக் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் பொருந்தும். என்னை எப்படி வேலையை விட்டு அனுப்புவார்கள்? சிரிப்பு இருந்தது, உண்மை இல்லை.

2024-ல் வந்த ரியாக்ட் 19-ல் இதை மாற்றினார்கள். புதுப் பெயரின் சாரம்: இதைத் தொடாதே, தொட்டால் அடுத்த பதிப்புக்கு மாற முடியாது என்று உன் பயனர்களிடம் சொல்லிவிடு. சிரிப்பு குறைந்துபோனது. ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது இப்போது சரியாக இருக்கிறது. இதை நான் முன்னேற்றமாகத்தான் எண்ணுகிறேன்.

மூணு சுழிக்கு ரெண்டு, ரெண்டு சுழிக்கு மூணு

இப்போது நம் வீட்டு விஷயம். கணினியில் நாம் அடிக்கும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் யூனிகோட்டில் ஓர் எண்ணும் ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. அந்தப் பெயர்களைப் பட்டியலாக வாசித்தால் நல்ல பொழுதுபோக்கு. ல-வின் பெயர் எல்ஏ. ள-வின் பெயர் எல்எல்ஏ. நாம் சங்க காலத்திலிருந்து சிறப்பு என்று கொண்டாடும் ழ-வின் பெயர் எல்எல்எல்ஏ. இன்னும் வேடிக்கை ன, ண. பள்ளிக்கூடத்தில் மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்றுதானே படித்தோம்? யூனிகோட்டில் மூணு சுழிக்கு இரண்டு 'என்', ரெண்டு சுழிக்கு மூன்று 'என்'.

இதில் யாருடைய சதியும் இல்லை. பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் இடைவெளியும் சிறு கோடும்தான் வரலாம் என்பது விதி. மேலே புள்ளி, கீழே கோடு போட்டு வித்தியாசம் காட்ட வழியில்லை. 1988-ன் இஸ்கி என்ற இந்திய எழுத்துகளுக்கான பொது அட்டவணையிலிருந்து வந்தது இந்த வரிசை. தேவநாகரியோடு பொருந்தியவை முதலில் பெயர் வாங்கிக்கொண்டன. நம்முடைய தனி எழுத்துகளுக்கு மிச்சமிருந்தது இன்னொரு 'எல்', இன்னொரு 'என்'. அசிங்கமான பெயர்தான். ஆனாலும் எல்எல்எல்ஏ பொய் சொல்லவில்லை. "இது மூன்றாவது ல, அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறது.

ஆய்தத்தின் கதை வேறு. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'தமிழ் சைன் விசர்க்க'. விசர்க்கம் வடமொழியில் முந்தைய உயிரோடு ஒட்டி வருகிற குறி. நம் ஆய்தம் அதுவல்ல. தொல்காப்பியம் அதைச் சார்பெழுத்தில் வைத்து, முப்பாற்புள்ளி என்று உருவத்தையே பெயராகச் சொல்லிவிட்டது. யூனிகோட்டின் தரவில் பார்த்தால், தேவநாகரி விசர்க்கத்தின் வகை 'ஒட்டும் குறி', தமிழ் ஆய்தத்தின் வகை 'எழுத்து'. உள்ளே எழுத்து, வெளியே எழுதியிருப்பது குறி, அதுவும் வேறு மொழியின் குறி. என் 'வேலிடேட் அக்கவுண்ட்'டைப் போலவே, பெயர் ஒன்று, வேலை ஒன்று.

சரி, மாற்றிவிடலாமே? முடியாது. ஒருமுறை வைத்த எழுத்துப் பெயரை எப்போதும் மாற்றுவதில்லை என்று யூனிகோட் 2.0-விலிருந்து விதி. அந்தப் பெயர்களை நம்பி எழுதிய நிரல்கள் உடைந்துவிடும் என்பது காரணம். ஓர் எழுத்தின் பெயரில் 'பிராக்கெட்' என்பதன் ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம் மாறி அச்சாகிவிட்டன. அந்தத் தப்புக்கூட நிரந்தரமாக அப்படியே இருக்கிறது. ஆய்தத்துக்குக் கிடைத்தது, அட்டவணையில் பக்கத்தில் சின்னதாக 'ஆய்தம்' என்ற ஒரு குறிப்பு.

நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமான பெயர் வைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் நோட்டில் இல்லை. "மூன்றாவது ல" என்ற தயக்கத்தோடு நாம் எத்தனை காலமும் குடித்தனம் நடத்தலாம். "விசர்க்கம்" என்ற தைரியத்தோடு முடியவில்லை.

தேமா என்ற பெயரைப் பாருங்கள்

தமிழில் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். யாப்பில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று படித்திருப்பீர்கள். நேர் நேர் என்ற அசை அமைப்புக்குப் பெயர் தேமா. தேமா என்ற சொல்லை அலகிட்டால் அதுவே நேர் நேர். புளிமா என்பது நிரை நேர். சொல்லும் நிரை நேர். பெயரே உதாரணம், பெயரே சோதனை. ஏதோ ஒரு பழைய ஆசிரியர் மாணவர்களுக்காக மாமரத்தையும் விளாமரத்தையும் காட்டிச் சிரித்துக்கொண்டே வைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். இங்கே விளையாட்டும் உண்டு, உண்மையும் உண்டு. நான் பார்த்த எந்த நிரல்மொழியிலும் இவ்வளவு நல்ல பெயர் இல்லை.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியை இந்தக் கண்ணோடு பார்த்தேன். அதில் நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும். இன்னது ஆனால் இன்னது செய் என்று நாம் பேசும் வரிசை அது. இந்த இடத்தில் மொழி நம் இலக்கணத்துக்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் 'ரிட்டர்ன்' என்பதற்கு 'பின்கொடு' என்று வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கிய குடையை யாரும் பின்கொடுப்பதில்லை, திருப்பித்தான் கொடுக்கிறோம். ஆங்கிலச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடிய பெயர் என்பது தெரிந்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை; ஒருவர் தனியாகத் தொடங்கி இவ்வளவு செய்திருப்பது பெரிய காரியம். தமிழ்ப் பெயர் என்பதாலேயே அது நேர்மையான பெயர் ஆகிவிடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எங்கள் ஊரில் வட்டப்பேர் இல்லாத ஆள் கிடையாது. எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்று சொன்ன ஒரு தையல்காரர் 'நாளைக்கு அண்ணாச்சி'. புது ஆளுக்கும் அந்தப் பெயர் போதும். துணி கொடுக்கும் முன் யோசிப்பார். இதே ஆளை நான் கோட்டில் எழுதியிருந்தால் 'டெய்லரிங் சர்வீஸ் மேனேஜர்' என்று வைத்திருப்பேன். மேனேஜர், ஹேண்ட்லர், பிராசஸர், ஹெல்பர் இதெல்லாம் எங்கள் தொழிலின் கோட்டும் டையும். பாதி தெரிந்த மொழியில் கனமான சொல்லாகத் தேடிப் போட்டால் உள்ளே ஒன்றும் இல்லாததை மறைத்துவிடலாம். 'வேலிடேட்' என்று எழுதிய அன்றைக்கு, தமிழில் யோசித்திருந்தால் என்ன வைத்திருப்பேன்? 'தலையாட்டி'. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவது. அந்தப் பெயரை வைத்துவிட்டு யாரும் பணம் அனுப்பும் இடத்தில் அதைப் போட மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, தாய்மொழிப் பெயர் வெளி ஆளுக்குப் புரியாது. பிஎச்பி மொழியில் இரட்டை முக்காற்புள்ளிக்கு அதன் இஸ்ரேலிய ஆசிரியர்கள் 'பாமாயிம் நெக்குடோத்தாயிம்' என்று ஹீப்ருவில் பெயர் வைத்தார்கள். பிழைச் செய்தியில் அதைப் பார்த்துத் திகைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு, வட்டப்பேர்கள் எல்லாம் நாளைக்கு அண்ணாச்சி மாதிரி இல்லை. ஒருவரின் ஊனத்தையும் சாதியையும் பெயராக ஆக்கி, அதையும் "உள்ளதைத்தானே சொன்னோம்" என்று சிரித்த ஊர்தான் எங்களுடையதும். கணினித் துறை பல காலம் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று எஜமான், அடிமைப் பெயர்களை யோசிக்காமல் எழுதிவந்தது. 2020-ல் கிட்ஹப் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைப் பெயரை 'மெயின்' என்று மாற்றியது. செய்கையைச் சொல்லும் பெயர் வேறு, பிறப்பைச் சொல்லிக் குத்தும் பெயர் வேறு.

அந்த ஃபங்ஷன் என்ன ஆச்சு

பணம் திரும்பிய பிறகும் அந்தச் சரிபார்ப்பை உடனே எழுத நேரம் ஒதுக்கவில்லை. பட்டியலில் எப்போதும் அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. அந்தப் பையன் கேட்டான், "அண்ணா, எழுதத்தான் முடியல, பேரையாவது மாத்தட்டுமா?" மாற்றச் சொன்னேன். தலையாட்டி என்று வைக்க எனக்கு ஆசை. டீமில் தமிழ் தெரியாதவர்கள் பாதிப் பேர். அவன் ஆங்கிலத்தில் வைத்தான். தமிழில் சொன்னால்: 'எப்போதும் சரி என்று சொல்லும், சோதனை இன்னும் எழுதப்படவில்லை'. நீளமான பெயர். ஸ்டைல் கைடு வைத்திருப்பவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓடும் ஃபங்ஷன் என்பதால், அதன் பெயர் லாகில் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் முறை பதிவானது. இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளர் பக்கத்து அம்மா ஒருத்தர் வேறு எதற்கோ லாகைத் திறந்திருக்கிறார். அன்றைக்கே ஃபோன் வந்தது: "இது என்ன, சோதனை இன்னும் எழுதலைன்னு வருது?" அடுத்த திங்கட்கிழமை எங்களுக்கு நான்கு நாள் ஒதுக்கினார்கள். அந்தப் பையனே எழுதினான். ஒன்பது வருசம் நல்ல பெயரோடு இருந்தபோது கிடைக்காத நான்கு நாள்.

எழுதி முடித்ததும் பெயரை மறுபடி 'வேலிடேட் அக்கவுண்ட்' என்று மாற்றினோம். இப்போது கிட் பிளேம் போட்டால் அந்த வரிகளில் அவன் பெயர்தான் வரும். என்னுடையது வரலாற்றில் கொஞ்சம் கீழே போனால் இருக்கும்.